முப்பத்தோர் அங்குலம்

இன்று காலை எழுந்ததும், பால் பாத்திரத்தை எடுப்பதற்கு முன்னால், சமையல் மேடையின் மேல் உன் பழைய கோலிக்குண்டை வைத்துப் பார்த்தேன். பச்சைக் கண்ணாடிக்குள் வெள்ளைக் கோடு ஓடுமே, அந்தக் குண்டு. நீ மேடையைப் பொருத்திவிட்டுப் போன வைகாசியிலிருந்து தினமும் இதைச் செய்கிறேன், உன் அப்பா வாசலில் பேப்பர் விரிக்கிற நேரமாகப் பார்த்து. கோடை முழுக்கக் குண்டு வைத்த இடத்தில் வைத்தபடி நின்றது. மழை இறங்கிய பிறகு ஒருநாள் யோசித்து யோசித்து நகர்ந்தது. இன்று யோசிக்கவே இல்லை. விரலை எடுத்ததும் சிங்க் பக்கமிருந்து ஓடிவந்து அடுப்பின் காலில் முட்டி நின்றது. அதை எடுத்து மஞ்சள் டப்பாவுக்குப் பின்னால் ஒளித்துவைத்துவிட்டு, இதை எழுத உட்கார்ந்தேன்.

தை மாதம் உனக்குக் கல்யாணம். அதற்குள் நீ என்னிடம் சொல்லியாக வேண்டிய ஒன்றைச் சொல்லாமல் வைத்திருக்கிறாய். கல்யாணத்துக்குப் பிறகு நீயும் அபிநயாவும் இந்த வீட்டுக்கு வந்து இருப்பீர்களா, மாட்டீர்களா என்பதுதான் அது. "கோயம்புத்தூர்ல ரெண்டு வருசம், அப்புறம் வீட்டுல இருந்தே வேல பாக்கலாம்மா" என்று போன வருடம் நீயாகத்தான் சொன்னாய். இப்போது அந்தப் பேச்சை நான் தொட்டால், "அங்கன மழ எப்படிம்மா?" என்று கேட்கிறாய். நம்மூர் மழையைப் பற்றி இவ்வளவு அக்கறையாக விசாரிக்கிற பிள்ளையை நான் எங்கும் பார்த்ததில்லை. மானாவாரிக்காரர்களே ஒருமுறை வானத்தைப் பார்த்துவிட்டுச் சும்மா இருந்துவிடுவார்கள்.

என் வேலை உனக்குத் தெரியும். தீப்பெட்டி ஆபீசில் பத்தொன்பது வருடமாகச் சோதனை மேசையில் இருக்கிறேன். பண்டலுக்கு ஒரு பெட்டி உருவி, குச்சி உரசி, எரிகிறதா, மருந்து உதிர்கிறதா, தலை பறந்து விழுகிறதா என்று பார்க்க வேண்டும். நூறு குச்சி நல்லபடியாக எரிந்தால் யாருக்கும் நான் தேவையில்லை. எரியாத ஒரு குச்சியைக் கண்டுபிடிக்கத்தான் எனக்குச் சம்பளம். கெமிஸ்ட்ரி படித்தவள் என்று உட்கார வைத்தார்கள். அந்த மேசையே என் சுபாவமாகிவிட்டதா, என் சுபாவத்தைப் பார்த்துத்தான் அந்த மேசையைக் கொடுத்தார்களா என்று இப்போது பிரித்துச் சொல்ல முடியவில்லை. வீட்டுக்கு வந்த பிறகும் உரசிப் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். உன் நண்பர்களை, உன் மார்க் ஷீட்டை, பால்காரரின் தூக்குவாளியை, உன் அப்பாவின் சட்டைப்பையை.

அதில் ஒன்றை நீ அறிய வேண்டும். இதுவரை யாரிடமும் சொல்லாதது. நீ ஏழாம் வகுப்போ எட்டாம் வகுப்போ படித்தபோது, வீட்டுக்குப் பின்பக்கமாகச் சமையலறையை இழுத்துக் கட்டினோம். பசுவந்தனையிலிருந்து ஓர் ஆசாரி வந்து நிலையும் கதவும் செய்து மாட்டினார். மனிதர் அதிகம் பேசமாட்டார். நான் பின்னால் நின்று பார்த்துக்கொண்டே இருப்பேன், அவர் திரும்பிப் பார்க்காமல் இழைத்துக்கொண்டே இருப்பார். அந்தக் கார்த்திகையில் நல்ல மழை. கதவு நிலையில் சிக்கிக்கொண்டு தோள் கொடுத்துத் தள்ளினாலும் திறக்கவில்லை. அவரைக் கூப்பிட்டு அனுப்பி, தெருவில் வைத்தே கேட்டேன்.

"என்ன ஆசாரி, பச்ச மரத்தக் கொண்டாந்து மாட்டிட்டீரே. நான் மரம் தெரியாதவளுன்னு நெனச்சீரோ?"

அவர் பின்கட்டுக்குப் போனார், கதவைத் தொடவில்லை. குனிந்து தரையைப் பார்த்துவிட்டுத் தெருவுக்குத் திரும்பி வந்தார். "யக்கா, மரத்துல பழுதில்ல. பின்கட்டுக்கு அஸ்திவாரம் ஆழம் பத்தல. கரிச மண்ணு தண்ணி குடிச்சு எழும்புது, நிலையத் தூக்குது. வெயிலடிக்கட்டும், கதவு தன்னால மூடும்."

"நல்லாத்தான் கத சொல்லுதீரு" என்றேன். தெருவில் நான்கு வீட்டுக்காரர்கள் நின்றார்கள். நான் விடவில்லை. அடுத்த வாரமே நம் தெருவில் இரண்டு வீட்டு வேலை அவர் கையைவிட்டு வேறு ஆளுக்குப் போயிற்று. சித்திரை வந்தது. ஒருநாள் மத்தியானம் காற்றில் அந்தக் கதவு ஒரு விரல் தொடாமல் தானாக வந்து நிலையில் அமர்ந்தது. அவ்வளவு சுத்தமாக. நான் கையில் கரண்டியோடு அதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். தெருவில் சொன்னதைத் தெருவில் திரும்ப எடுத்திருக்க வேண்டும். யாரிடமும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. பசுவந்தனை பஸ் இன்றும் நம் தெருமுனையைத் தாண்டித்தான் போகிறது. நான் ஏறியதில்லை.

நான் சொல்லாவிட்டாலும் ஊர் சொல்லிவிட்டது. போன பங்குனியில் நீ புதுச் சமையலறை போட்டே தீருவேன் என்று வந்து நின்றபோது, விசாரித்த மூன்று ஆசாரிகளும் ஏதோ காரணம் சொல்லி நழுவினார்கள். மூன்றாவது ஆள் சொன்னதை நீ சாப்பிடும்போது நடித்துக் காட்டினாய்: "எந்த வீடு? அளவெடுக்கையில பின்னால நின்னு மூச்சு விடுவாவளே, அவிய வீடா? அண்ணாச்சி, எனக்குக் கயத்தாத்துல வேல கெடக்கு!" நீ சிரித்தாய், உன் அப்பா சிரித்தார், நானும் சிரித்தேன். தட்டை எடுத்துக்கொண்டு முதலில் எழுந்தவள் நான்தான். அப்புறம்தான் நீ சொன்னாய், மதுரையில் பெட்டிகளை அளவு கொடுத்து வாங்கி நாமே பொருத்திக்கொள்ளலாம் என்று. என் வாயால்தான் நீ ஆசாரி ஆக வேண்டியதாயிற்று.

முதலில் உன் போனில் ஒரு படம் காட்டினாய். அதில் மேடையின் உயரம் முப்பத்துநான்கு அங்குலம் என்று போட்டிருந்தது. நான் நான்கடி பத்து அங்குலம். முப்பத்துநான்கில் நின்று மாவு பிசைந்தால் என் தோள் காதைத் தொடும். அபிநயா கல்லூரியில் வாலிபால் ஆடியவள், உன் காதளவு உயரம். எனக்கு உடனே கணக்கு வந்துவிட்டது. 'ஓகோ, அடுக்களை கைமாறுகிறது' என்று நினைத்தேன். கேட்கவில்லை. கேட்காமல் முகத்தை வைத்துக்கொள்வது எப்படி என்று எனக்குத் தெரியும், அதைப் பார்த்துப் பயப்படுவது எப்படி என்று உங்கள் இருவருக்கும் தெரியும்.

"எம்மா, அது கடைக்காரன் படம். ஒன் அளவ நான் எடுக்கப் போறேன். இங்கன வந்து செவுத்தப் பாத்து நில்லு. வெங்காயம் வெட்டுத மாதிரி கைய வை."

"வெங்காயம் எங்கல?"

"இருக்குன்னு நெனச்சுக்கோ."

"நெனச்சுக்கிட்டு அழவும் செய்யணுமா?"

"அது ஒன் இஷ்டம். அசையாத."

என் முழங்கைக்கு நேராகச் சுவரில் பென்சிலால் ஒரு கோடு போட்டாய். அதிலிருந்து ஆறு அங்குலம் கீழே இன்னொரு கோடு. டேப்பை இழுத்துப் பார்த்து, "முப்பத்தொண்ணு" என்று உன் அப்பாவிடம் சொன்னாய். அவர் தீப்பெட்டி அட்டையின் பின்னால் எழுதிக்கொண்டார். அந்த அட்டை இன்னும் என்னிடம் இருக்கிறது.

வைகாசியில் பத்து நாள் லீவு போட்டுவிட்டு வந்தாய். அந்தப் பத்து நாள் இந்த வீட்டில் நாம் மூன்று பேரும் பேசிக்கொண்ட அளவுக்கு அதற்கு முன்பு பத்து வருடத்தில் பேசியிருக்க மாட்டோம். பலகைகள் அட்டைப்பெட்டியில் வந்திருந்தன. ஒவ்வொரு பையிலும் இருந்த ஸ்க்ரூக்களை நான் தட்டில் கொட்டி எண்ணினேன். ஒரு பையில் ஒன்று குறைந்தது. "பாத்தியா, ஏமாத்திட்டான்" என்றேன். மூன்று மணி நேரம் கழித்து அது உன் அப்பாவின் சட்டைப்பையிலிருந்து விழுந்தது. அவர் எதற்கு எடுத்தார் என்று அவருக்கே தெரியவில்லை. பழைய கடப்பைக் கல் மேடையை உடைத்தபோது சுவரும் கொஞ்சம் உதிர்ந்தது. நீ மூலைமட்டத்தை வைத்துப் பார்த்துவிட்டுத் தலையில் கை வைத்தாய். "இந்த வீட்டுல ஒரு மூல கூட மூலையா இல்லையப்பா." அவர் சொன்னார், "பெறகு? ஒங்கம்மாவுக்குப் பயந்து செவுரே ஒதுங்கி நிக்குது." சுவரில் துளை போடும்போது நான் டார்ச் அடித்தேன். பெட்டிகளை ஒன்றோடொன்று கவ்வவைத்து நீ முடுக்கும்போது நான் தோளால் முட்டுக்கொடுத்தேன். கல்லை மட்டும் கல்கடை ஆட்கள் நான்கு பேர் தூக்கி வைத்துவிட்டுப் போனார்கள். நீளக் கல் அடுப்புக்கும் சிங்க்குக்கும், குட்டைக் கல் ஜன்னலுக்குக் கீழே தனியாக இருக்கிற பெட்டிக்கு. சிங்க்குக்காக அறுத்தெடுத்த துண்டுகளைக் கொண்டுபோகப் பார்த்தார்கள். நான் விடவில்லை, கட்டிலுக்கடியில் வைத்திருக்கிறேன்.

உன் அப்பாவுக்கு ஒரே ஒரு கவலைதான் இருந்தது. "மண்ணு வெடிச்சுக் கெடக்க நேரத்துல மட்டம் பாக்குத. மழ பேஞ்சா என்ன செய்வ?" நீ ஒரு பெட்டியைக் கவிழ்த்து, அதன் நான்கு கறுப்புக் கால்களைக் காட்டினாய். திருகினால் ஏறும், எதிர்ப்பக்கம் திருகினால் இறங்கும். "தர எழும்புனா கால இறக்கிக்கிடலாம். தர இறங்குனா ஏத்திக்கிடலாம். அவ்வளவுதாம்ப்பா." ரசமட்டத்தின் குமிழ் இரண்டு கோட்டுக்கும் நடுவில் வந்து நின்றதும் எங்கள் இருவரையும் பார்த்தாய். அப்போது உன் முகத்தில் இருந்த சந்தோஷத்தைப் பார்த்து, நான் என்ன நினைத்தேன் தெரியுமா? 'எதற்கு இவ்வளவு செய்கிறான்?' என்று.

நீ கிளம்பிய பிறகு முதல் தடவையாகத் தனியாக அந்த மேடையில் நின்று சமைத்தேன். தோளில் வலி இல்லை. கை தானாக வேலை செய்தது. இருபத்தாறு வருடக் குடும்ப வாழ்க்கையில் எனக்கென்று அளவெடுத்துச் செய்த பொருள் ரவிக்கைக்கு அடுத்தபடியாக இதுதான். மறுநாள் ஆபீசில் குச்சி உரசிக்கொண்டிருக்கும்போது அந்த எண்ணம் வந்தது. முப்பத்தொன்று எனக்குச் சரி. அபிநயாவுக்கு? அவள் அங்கே நின்று ஒரு வாரம் சமைத்தால் முதுகு போய்விடும். மதுரையில் சொல்லிப் பெட்டிகளின் உயரத்தைக் குறைத்து வாங்கியவனுக்கு அது தெரியாதா? அவள் இங்கே இருக்கப்போவதில்லை என்று முடிவு செய்தவன்தானே இப்படிச் செய்வான்? உயரமாக வைத்திருந்தால் அவளுக்காக வைத்தாய் என்று நொந்துகொண்டிருப்பேன். எனக்காக வைத்தாய், அதனால் நீ வரப்போவதில்லை என்று நொந்துகொண்டேன். எந்த அளவு வைத்திருந்தாலும் நீ என்னிடம் தப்பியிருக்க முடியாது. வீட்டுக்கு வந்து பீரோவைத் திறந்தேன். உன் சர்டிபிகேட் பைல் அங்கே இல்லை. கிளம்பும்போது எடுத்துக்கொண்டு போயிருக்கிறாய், என்னிடம் சொல்லாமல்.

ஐப்பசிக் கடைசியில் அபிநயா அவள் அம்மாவோடு கயத்தாற்றிலிருந்து வந்தாள். அன்று காலைவரை நல்ல மழை. அடுக்களைக்கு வந்து, "அத்த, இவ்வளவும் நீங்க மூணு பேரே செஞ்சீங்களா?" என்று ஒவ்வோர் இழுப்பறையாகத் திறந்து பார்த்தாள். ஜன்னலோரம் நின்று எனக்கு இஞ்சி தட்டிக் கொடுத்தாள். தட்டும்போது ஒரு காலை அகட்டி, இடுப்பை மடித்து நின்றாள். நடுவில் ஒருமுறை முதுகில் கை வைத்து நிமிர்ந்தாள். மறுபடி குனிந்து தட்டினாள். அவர்கள் போன மறுநாள் ஜன்னலோரத்து மேல் இழுப்பறை பாதியில் நின்றுவிட்டது. இழுத்தால் வரவில்லை, தள்ளினால் போகவில்லை. நான் நேராக உன் அப்பாவிடம் போனேன்.

"வாலிபால் கை. ஒடச்சிட்டுப் போயிட்டா. போகையில சொன்னாளா பாருங்க."

அவர் எழுந்து அடுக்களைக்கு வந்தார். கீழே உட்கார்ந்து அடிப்பலகையைக் கழற்றி, முன்பக்கத்துக் கால் ஒன்றைக் கொஞ்சம் திருகினார். இழுப்பறை எண்ணெய் விட்டது போல உள்ளே போனது. "மண்ணு எழும்பிருக்கு" என்றார். அவ்வளவுதான் சொன்னார். ஆசாரி சொன்ன அதே வார்த்தை. பன்னிரண்டு வருடம் கழித்து, அதே அறையில், அதே மழைக்கு, அதே தப்பை நான் இன்னோர் ஆள்மேல் செய்திருக்கிறேன். இந்தமுறை தெருவில் சொல்லவில்லை என்பது மட்டும்தான் வித்தியாசம். தெருவில் யாரும் நிற்காததால்தான் சொல்லவில்லையோ என்றும் இருக்கிறது.

நேற்றுச் சாயங்காலம் உன் அப்பாவைப் பிடித்துக்கொண்டேன். நீ அவருக்குப் போன் செய்தால் அவர் மாடிக்குப் போய்ப் பேசுகிறார் என்பதை ஒரு மாதமாகக் கவனித்துவருகிறேன்.

"அவன் ஒங்ககிட்ட என்ன சொன்னான்?"

"ஒண்ணும் சொல்லலியே."

"ஒண்ணும் சொல்லாததுக்கு ஏன் காது செவக்குது?"

"வெயில்ல நின்னுட்டு வாரேன் ஏட்டி."

"வெளிய மழ பெய்யுது."

அவருக்குப் பொய் சொல்ல வராது. இவ்வளவு நாள் தாக்குப்பிடித்ததே அதிகம். "வெளிநாட்டுல வேல கெடச்சிட்டு. கல்யாணம் முடிஞ்சு ரெண்டு மாசத்துல போகணுமாம். ஒன்கிட்ட எப்படிச் சொல்லன்னு முழிக்கான்."

"இதுல முழிக்க என்ன இருக்கு?"

"அந்தப் பிள்ளதான் ஒன் மவனப் பிரிச்சுக் கூட்டிட்டுப் போறாளுன்னு நீ சொல்லிருவேன்னு பயப்படுதான். ஒரு தடவ சொல்லிட்டா அம்மா திரும்ப எடுக்க மாட்டாப்பா, அதுக்கு முன்ன நானே யோசிச்சுச் சொல்லிக்கிடுதேன்னான்."

அந்த நிமிடம் என் வாயில் இருந்தது அந்த வாக்கியம்தான். அட்சரம் மாறாமல். நாக்கு நுனிவரை வந்ததை விழுங்கிவிட்டு அடுப்பைத் துடைக்கப் போனேன்.

இதைப் படிக்கும்போது நீ அப்பாமீது கோபப்படாதே. உன்மீது எனக்குக் கோபம் இல்லை என்று எழுதினால் நீ நம்பமாட்டாய். நம்பாமல் இருக்க உனக்குக் கற்றுக்கொடுத்தவள் நான்தான். கோபம் இருக்கிறது. தூரமாகப் போகிறாய் என்பதைவிட, என்னிடம் சொல்ல இடம் இல்லாமல் போயிற்றே என்றுதான் அதிகம். எனக்காக இவ்வளவு பொருத்தமாக ஒன்றைச் செய்துவைத்துவிட்டுப் போகிற பிள்ளைக்கு, என் முன்னால் நின்று ஒரு வாக்கியம் சொல்லத் துணிவு வரவில்லை. அது உன் தைரியக் குறைவு இல்லை. பசுவந்தனை ஆசாரிக்கு நடந்ததை நீ வாசல்படியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாய், எனக்கு ஞாபகம் இருக்கிறது.

புத்தி சொல்கிற தகுதி எனக்கு அதிகம் இல்லை. ஆனாலும் அம்மா எழுதுகிற கடிதம், ஒன்றாவது இருக்கட்டும். உன்னிடம் என் கண் இருக்கிறது. ஸ்க்ரூவை நான் எண்ணி முடித்ததும், எனக்குத் தெரியாமல் நீ இன்னொருமுறை எண்ணியதைப் பார்த்தேன். போகிற ஊரில் உங்கள் வீட்டில் ஏதாவது ஒருநாள் சிக்கிக்கொண்டு திறக்காமல் போகும். பக்கத்தில் அவள்தான் நிற்பாள். வாயைத் திறப்பதற்கு முன் குனிந்து தரையைப் பார். ஆசாரி அதைத்தான் முதலில் செய்தார், உன் அப்பாவும் அதைத்தான் செய்தார். எனக்குத்தான் குனியத் தெரியவில்லை. மேடையை என் உயரத்துக்கு நீ இறக்கிவைத்த பிறகும்.

உன் அப்பா நாளை காலை பசுவந்தனைக்குக் கல்யாணப் பத்திரிகை கொடுக்கப் போகிறார். நான் உடன் போகவில்லை, தலைவலி என்று சொல்லப்போகிறேன். தலைவலி இல்லை. அவர் போன பிறகு ஜன்னலோரத்துக் குட்டைப் பெட்டியைக் காலி செய்வேன். கல்லுக்கும் சுவருக்கும் நடுவில் நீ பூசிய பசையைப் பிளேடால் கீறிவிட்டு, கடப்பாரையால் நெம்பி ஒவ்வொரு காலாகத் தூக்கப்போகிறேன். எட்டயபுரம் ரோட்டுக் கடையில் நீளமான கால்கள் நான்கு வாங்கி, ஆபீஸ் பையிலேயே வைத்திருக்கிறேன். அவற்றுக்கும் கீழே போட, கட்டிலுக்கடியில் இருக்கிற கல் துண்டுகள் சரியாக இருக்கும். அபிநயா அன்று இஞ்சி தட்டும் நடுவில் நிமிர்ந்து நின்றபோது அவள் முழங்கை ஜன்னலின் எந்தக் கம்பிக்கு நேராக வந்தது என்று பார்த்துவைத்திருந்தேன். எதற்குப் பார்த்தேன் என்று அப்போது எனக்குத் தெரியாது, பழக்கம். நேற்று அளந்தேன். அதே ஆறு அங்குலத்தைக் கழித்தால் முப்பத்தைந்து. அடுக்களையில் என் பக்கம் முப்பத்தொன்றிலேயே இருக்கட்டும். ஜன்னல் பக்கம் முப்பத்தைந்தில் நிற்கட்டும், நீங்கள் வருடத்துக்கு நான்கு நாள் வந்தாலும் சரி, அதுவும் வராமல் போனாலும் சரி. இதை உன் அப்பாவிடமும் சொல்லவில்லை. அவளிடம் நீயும் சொல்லாதே. வந்து நின்றதும் அவள் கவனிக்கிறாளா என்று நான் பின்னால் நின்று பார்க்க வேண்டும்.